ஜன்னலோர சீட்டில் ஒரு கர்ச்சீப்

மூன்றாம் நம்பர் படகின் இடப்பக்க ஜன்னலோர சீட்டில் கிடந்த மஞ்சள் கட்டம் போட்ட கர்ச்சீப்பின் எடை அறுபத்தோரு கிலோ. இது யாரோ குத்துமதிப்பாகச் சொன்னதல்ல. படகு இலாகாக்காரர்கள் அந்த சீட்டையே கர்ச்சீப்போடு கழற்றி, பாலாநகரில் ஒரு தொழிற்சாலையின் எடை மேடையில் ஏற்றி, அதே மாதிரி இன்னொரு வெறும் சீட்டின் எடையைக் கழித்துவிட்டுச் சொன்னது. எண்ணைக் கேட்டதும் அந்தப் படகின் கண்டக்டர் வேதவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் மகன் யோகேஷ் ஒருமுறை ராணுவத்துக்கு ஆள் எடுத்த மைதானத்தில் நாளெல்லாம் வெயிலில் நின்று, மார்பளவு போதாதென்று திருப்பி அனுப்பப்பட்டவன். எடை மட்டும் சரியாக இருந்ததாம், அறுபத்தொன்று என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னான். அதை அவள் இலாகாக்காரர்களிடம் சொல்லவில்லை. அவர்களும் சீட்டைப் பழையபடி கொண்டுவந்து மாட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள்.

அங்கே படகு வந்த கதை சிறியது. ஹைதராபாத்தில் லோத்குண்டாவுக்கும் பாலாநகருக்கும் நடுவே ஒரு காலத்தில் ஏரி ஒன்று இருந்தது. அதை மண் கொட்டி மூடி, மனை போட்டு விற்று, வீடு கட்டி, பால் காய்ச்சிக் குடியேறி ஒரு தலைமுறை ஆன பிறகு, ஓர் ஐப்பசி மழையில் ஏரி திரும்பி வந்தது. விருந்தாளி மாதிரி வந்த தண்ணீர், வீட்டுக்காரன் மாதிரி தங்கிவிட்டது. பகலெல்லாம் மோட்டார் வைத்து இறைத்தார்கள். விடிந்தால் அதே மட்டம். ஆறு மாதம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, அரசாங்கம் ஏரியை ஏரி என்றே ஒப்புக்கொண்டு படகு விட்டது. எங்கோ சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து ஓய்ந்த படகுகள். கூரை போட்டு, ஜன்னல் வைத்து, கழித்துப்போட்ட சிட்டி பஸ்களின் சீட்டுகளை உள்ளே போல்ட் போட்டு இறுக்கினார்கள். சீட்டோடு பஸ்ஸின் பழக்கமும் ஏறிக்கொண்டது. இந்த நகரத்தில் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பைப் போட்டுவிட்டால் அந்த இடம் போட்டவனுடையது. அவன் எங்கே நிற்கிறான், எப்போது வருவான் என்று யாரும் கேட்பதில்லை. கழுத்தில் கனத்த சங்கிலி போட்ட ரவுடிகூட கர்ச்சீப் கிடக்கும் சீட்டைப் பார்த்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் வருவான்.

வேதவல்லியின் மாமனார் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து லாலாகுடா ரயில்வே பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். கணவன் சம்பந்தமும் அதே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, லோத்குண்டாவில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு வாங்கினான். ஏரி வந்தபோது, நல்லவேளை மாடியில் வாங்கினோம் என்று சந்தோஷப்பட்டவர்களில் அவனும் ஒருவன். தமிழ், தெலுங்கு, உருது என்று மூன்று பாஷையிலும் அதட்டத் தெரிந்ததால் வேதவல்லிக்குக் கண்டக்டர் வேலை கிடைத்தது. இறங்கச் சொல்வதற்கு நீளமாக ஒரு விசில், புறப்படுவதற்குச் சின்னதாக இரண்டு. படகோட்டி முகமது யூசுப் அந்த இரண்டு விசிலுக்குத்தான் கட்டுப்படுவான், வேறு எதற்கும் அசையமாட்டான். யோகேஷுக்குப் பாலாநகரில் லேத் வேலை. அம்மாவின் படகில்தான் போவான், அதுவும் கடைசி ஆளாக. கரையில் நின்றபடியே கர்ச்சீப்பை முடிச்சுப் போட்டு எறிவான். குறி தப்பாமல் சீட்டில் விழும். பிறகு சாவகாசமாக டீயை முடித்துவிட்டு ஓடிவந்து தாவுவான். அவள் திட்டினால் "வஸ்துன்னா அம்மா" என்பான். வருகிறேன் என்பதை அவன் ஒருநாளும் தமிழில் சொன்னதில்லை, படித்ததெல்லாம் தெலுங்குப் பையன்களோடு.

அன்றைக்குத் தூறலும் கூட்டமும். வேதவல்லி முன்பக்கம் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள், ஜன்னலோர சீட்டில் மஞ்சள் கர்ச்சீப் தெரிந்தது. பையன் ஏறிவிட்டான் என்று இரண்டு விசில் ஊதினாள். யூசுப் படகை எடுத்தான். கரையிலிருந்து தாவிய யோகேஷ் படகுக்கும் படித்துறைக்கும் நடுவில் போனான். பின்னாலிருந்தவர்கள் போட்ட சத்தம் முன்னால் வந்து சேர்வதற்குள் படகு பாதி ஏரிக்குப் போயிருந்தது, அங்கிருந்து திருப்பிக்கொண்டு வந்தார்கள். முக்குளிப்பவர்கள் இறங்கித் தேடினார்கள். அடியில் தெருக்கள், காம்பவுண்டு சுவர்கள், கதவு திறந்து கிடக்கும் வீடுகள். ஒவ்வொரு அறையாகப் பார்த்தும் பையன் கிடைக்கவில்லை. பயணியின் கவனக்குறைவு என்று விசாரணை முடிந்தது. முக்குளிப்பவர்கள் தலை துவட்டிக்கொண்டு கிளம்பும் வரை படித்துறையில் உட்கார்ந்திருந்த சம்பந்தம், எழுந்து மனைவியிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டான்.

"கர்ச்சீப்ப பாத்தியே, புள்ளய பாத்தியா?"

அதன் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவான், அவ்வளவுதான். நான்கு வருடம் அந்த வீட்டில் மிக்சி ஓடும் சத்தம்தான் பேச்சு.

மறுநாள் படகைக் கூட்ட வந்தவர் கர்ச்சீப்பை எடுக்கப் பார்த்து முதுகு பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தும் துணி கிழியவுமில்லை, நகரவுமில்லை. நாள் முழுக்க அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. கோடையில்கூடக் காயவில்லை. படகு எப்போதும் இடது பக்கம் கொஞ்சம் சரிந்தே போனதால், தொந்தி உள்ளவர்களை யூசுப் வலது பக்கம் உட்காரச் சொல்வான். சென்னையிலிருந்து புதிதாக வந்த ஒரு கம்ப்யூட்டர்காரர் விவரம் தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்து பேண்ட் முழுக்க நனைந்தார். விஷயத்தைக் கேட்டதும் சீட்டைப் பார்த்து "சாரி தம்பி" என்றார். உடல் கிடைக்காவிட்டால் பையன் தொட்டுப் புழங்கிய துணியை வைத்தாவது காரியம் செய்யலாம் என்று சாஸ்திரிகள் சொன்னதைக் கேட்டுச் சம்பந்தமும் வந்தான். பட்டறையில் இரும்பைப் புரட்டிய கை. நெடுநேரம் இழுத்துப் பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனான். வேதவல்லிக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. பெற்றவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்றால், வந்தது. அவள் விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள். புறப்பட வாயாலேயே ரைட் சொன்னாள். பாலாநகர் கரையில் கூட்டம் தானாகவே இறங்கிக்கொள்ளும். அவள் யாரையும் இறங்கச் சொல்லமாட்டாள்.

பிறகு ஏரிக்கு மேலே பாலம் கட்டினார்கள். பாலத்தில் பஸ் ஓடத் தொடங்கிய வாரமே படகில் ஈ ஓட்டவேண்டியதாயிற்று. நான்கு படகுகளையும் வெட்டி இரும்பு விலைக்குப் போட உத்தரவு வந்தது. மூன்றாம் நம்பர் படகு கடைசியாக ஓடிய காலையில் யூசுப்பும் வேதவல்லியும் மட்டும்தான், சீட்டில் கர்ச்சீப்.

"நாளைக்கி கேஸ் கட்டர் வெச்சி வெட்டுவாங்க அக்கா" என்றான் யூசுப். அவளோடு பழகிப் பழகி வந்த தமிழ் அது. "சீட்டயும் சேத்து."

"நீ எடுத்துக் குடு யூசுப்பு. உன் கையாலயாவது வருதான்னு பாப்பம்."

"நக்கோ அக்கா, வேணாம். போட்டவன்தான் எடுக்கணும், பூரா ஹைதராபாத்துக்கும் அதானே கானூன், சட்டம்? ஸ்டாப் வந்தா அவனே எடுத்துக்குவான்." என்ஜின் வேகத்தைக் குறைத்தான். "நான் கேக்கறேன்னு கோவிச்சுக்க நக்கோ. ஒரு நாளாச்சும் நீ அவன எறங்குன்னு சொன்னியா? கைக்கு, ஏன் சொல்லல?"

வேதவல்லி பதில் சொல்லியிருந்தால் இதைத்தான் சொல்லியிருக்கவேண்டும்: இறங்கினால் போய்விடுவான். வீட்டில் இல்லாத பிள்ளை இங்கே இருந்தான். சம்பந்தம் பேசாத நாளெல்லாம் அவள் அந்த ஈர சீட்டுக்குப் பக்கத்தில் நின்றபடிதான் வந்தாள், அவனுக்குக் கேட்கும் என்று குழம்பு வைத்ததுவரை சொல்லிக்கொண்டு. ஆனால் நாளைக்கு கேஸ் கட்டர் வரும். அவனை ஒருமுறை படகுக்கு வெளியே விட்டவள், இப்போது படகோடு சேர்த்து வெட்டக் கொடுக்கவேண்டும்.

பாலாநகர் கரையில் யூசுப் என்ஜினை அணைத்தான். வேதவல்லி பைக்குள் துழாவி விசிலை எடுத்தாள். நீளமாக ஒன்று ஊதினாள். நான்கு வருடமாகப் பழக்கம் விட்டுப்போனதில் பாதியில் மூச்சு முட்டியது.

"எறங்குடா கண்ணு. மெதுவா எறங்கு. நீ கால் வெக்கற வரைக்கும் அம்மா அடுத்த விசில் ஊத மாட்டேன்."

படகு இடது பக்கம் இன்னும் ஒருமுறை நன்றாக அழுந்தி, பிறகு நிமிர்ந்தது. நடைபாதைப் பலகையில் ஈரமான செருப்புத் தடம் ஒன்று விழுந்தது, அப்புறம் ஒன்று. படகின் விளிம்பில் அது நின்றபோது வேதவல்லி கண்ணை இமைக்கவில்லை. தடம் இடைவெளியைத் தாண்டிப் படித்துறைக் கல்லில் விழுந்தது. அங்கிருந்து டீக்கடைக்குப் போய்ச் சற்று நின்று, லேத் பட்டறை இருக்கும் சந்துக்குள் திரும்பியது. வெயில் ஏறிக்கொண்டிருந்ததால் பின்னாலேயே காய்ந்துகொண்டு வந்தது. கடைசித் தடமும் காய்ந்து முடியும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சின்னதாக இரண்டு விசில் ஊதினாள். சீட்டிலிருந்த கர்ச்சீப்பை எடுத்தபோது அது வெறும் ஈரத்துணியாக இருந்தது.

வீட்டில் சம்பந்தம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவள் கர்ச்சீப்பை அவன் மடியில் வைத்தாள்.

"எறங்கிட்டான். இந்தத் தடவ புள்ளயத்தான் பாத்தேன்."

சம்பந்தம் பேப்பரை மடித்து வைத்தான். கர்ச்சீப்பை இரண்டு கையாலும் எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டு, முக்குளிப்பவர்கள் கிளம்பிய அன்றைக்கு அழாததையெல்லாம் சேர்த்து அழுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை.

அந்த வாரமே காரியம் செய்தார்கள். கர்ச்சீப்பை நெருப்பில் வைத்தபோது பற்றவில்லை. சாஸ்திரிகள் இரண்டு முறை நெய் விட்டுப் பார்த்துவிட்டு, போதும், மனசுதான் முக்கியம் என்று எழுந்துவிட்டார். கொண்டுவந்து பால்கனிக் கொடியில் போட்டார்கள். இரண்டு வருடமாகிறது, இன்னும் காயவில்லை. அடியில் ஒரு பக்கெட் வைத்திருக்கிறார்கள். "வேதா, நெறஞ்சிடுச்சு" என்று சம்பந்தம் கூப்பிட்டால், அவள் வந்து ஒரு பக்கம் பிடிக்க, இரண்டு பேருமாகத் தூக்கி மாற்றுவார்கள். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் முதல் மாடிக்காரர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு மேலே வருகிறார்கள். சுத்தமான தண்ணீர்தான், பாத்திரம் கழுவலாம், குடிக்க ஆகாது, லேசாக உப்புக் கரிக்கும் என்கிறார்கள்.