ஈரத்துண்டு விழும் வேகம்

சங்கம் என்றதும் கொடி, மேடை, மாலை என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பழைய படக்கருவிகள் பாதுகாப்புச் சங்கம் என்பது மூடிப்போன ஒரு ரொட்டிக்கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கு. அதற்குள் ஓடுகிற புரொஜெக்டர்கள், ஓடாத புரொஜெக்டர்கள், ஓடலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவுக்கு வராத புரொஜெக்டர்கள். இத்தனையையும் சம்பளமில்லாமல் கட்டி மேய்த்தவள் ஒரு தையல்காரி. செயலாளர் என்பது பதவி. சாவி வைத்திருப்பது, பெருக்குவது, சண்டை விலக்குவது வேலை. "சோறு போடாத வேலைக்கு எதுக்கும்மா இவ்வளவு ஓட்டம்?" என்று மாமியார் கேட்பாள். தையல்காரிக்கு ஒரே ஒரு வியாதிதான். எந்தப் பொருளாவது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் மண்டை குடையும்.

உறுப்பினர்கள் பெயரளவில் பலர் உண்டு. வாராவாரம் தவறாமல் வருகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் லிஃப்ட்காரர், ஆயுள் முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். மோட்டார் விஷயத்தில் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இன்னொருவர் பல் டாக்டர். லென்ஸ் துடைப்பது அவர் பொறுப்பு. "பல்லைவிட இது மேல். வாயைத் திறந்து கத்தாது" என்பார்.

அங்கேதான் தபால்காரம்மா ஒரு சின்ன வீட்டுப் புரொஜெக்டரையும் தகர டப்பாவில் ஒரு படச்சுருளையும் கொண்டுவந்து வைத்தாள். புரொஜெக்டர் அவளுடைய சித்தப்பாவுடையது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அதுவும் நின்றுவிட்டது. படத்தில் இருப்பது அவளுடைய அப்பா. அவளுக்கு நடை பழகிய சில மாதங்களிலேயே அவர் இறந்துவிட்டார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சித்தப்பா வீட்டுச் சுவரில் இதை ஓட்டிக் காட்டுவாராம்.

"நான் அப்பாவப் பார்த்ததெல்லாம் இதுலதான். மனுஷன் நடக்கவே மாட்டார், பறப்பார். என்னையும் எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, அப்பன மாதிரியே கால்ல சக்கரம்னு" என்றாள். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை. அவள் தெருவில் கடிதம் கொடுத்துக்கொண்டு போகும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அது பொய்யாகத் தோன்றாது.

தப்பு அடுத்த வாரம் நடந்தது. நல்ல எண்ணத்தில் செய்கிற தப்புக்குத்தான் பலம் அதிகம். சங்கத்தில் ஒரு வழக்கம்: வந்த படத்தை முதலில் தங்கள் பெரிய புரொஜெக்டரில், அதற்குரிய வேகத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒலியில்லாத பழைய வீட்டுப் படமென்றால் நொடிக்குப் பதினாறு படம் என்பது லிஃப்ட்காரரின் வேதம். சித்தப்பாவின் புரொஜெக்டருக்கோ ஒரே வேகம், நொடிக்கு இருபத்து நாலு. பதினாறில் எடுத்ததை அதில் ஓட்டினால் நடக்கிறவன் ஓடுவான். தபால்காரம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் லிஃப்ட்காரர் வேகக் குமிழைப் பதினாறுக்குத் திருகினார்.

சுவரில் ஒரு முற்றம் வந்தது. இளம்பெண் ஒருத்தி வாளியிலிருந்து துணியெடுத்துக் கொடியில் போடுகிறாள். ஒரு துண்டு நழுவி விழுகிறது. இடுப்பில் குழந்தையோடு ஒருவர் வருகிறார், குனிந்து துண்டை எடுத்துக் கொடுக்கிறார், குழந்தையைத் தோளுக்கு மாற்றுகிறார், சாவகாசமாக வாசல் கதவுவரை நடக்கிறார். அவருக்கு உலகத்தில் ஒரு அவசரமும் இல்லை.

"நிறுத்துங்க" என்றாள் தபால்காரம்மா. எழுந்தே விட்டாள். "இது எங்க அப்பா இல்ல."

"அதே படம்தான்மா. இப்பதான் சரியான வேகத்துல ஓடுது" என்றார் லிஃப்ட்காரர்.

"எங்க அப்பா இப்படி ஊர மாட்டார்! நாப்பது வருஷமா பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? எங்க மெஷினை மட்டும் சரி பண்ணிக் கொடுங்க, போதும்." சொல்லிவிட்டு விருட்டென்று போய்விட்டாள். குரல் உடைந்திருந்ததைத் தையல்காரி மட்டும் கவனித்தாள். இருக்கிற ஒரே அப்பாவையும் யாரோ பிடுங்கிக்கொண்டால் யாருக்குத்தான் உடையாது?

அப்புறம் கிடங்கில் ரகளை. "வந்தவங்க கேட்டதைக் கொடுத்துட்டுப் போவோம். நமக்கு எதுக்கு வம்பு?" என்றார் டாக்டர். "பொய்யைக் கொடுக்கவா சங்கம் வெச்சிருக்கோம்?" என்றார் லிஃப்ட்காரர்.

"இருங்கண்ணா" என்றாள் தையல்காரி. "அந்தக் கேமராவைப் பதினாறுலதான் ஓட்டினாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சில கேமராவுல வேகத்தை மாத்தலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

உண்மை என்னவென்றால், லிஃப்ட்காரருக்கும் தெரியாது. ஆள் வேகமாகவும் நடக்கலாம், மெதுவாகவும் நடக்கலாம். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தையல்காரிக்கு மண்டை குடைய ஆரம்பித்தது. வீட்டுக்குப் போனாள், ரவிக்கைக்குக் கை வெட்டினாள், இரண்டும் இடது கையாக வந்தது. துணியை உதறிப் போட்டபோதுதான் பொறி தட்டியது. மனுஷன் தன் இஷ்டத்துக்கு நடப்பான். துணி தன் இஷ்டத்துக்கு விழாது!

மறுநாள் வீட்டுப் பின்புறம் கொடி கட்டினாள். படத்தில் அந்தப் பெண் கையை எவ்வளவு தூக்கினாளோ அதே அளவு, தலைக்கு மேல் ஒரு சாண். ஈரத்துண்டை நழுவவிட்டாள், எடுத்தாள், மறுபடி நழுவவிட்டாள். டாக்டர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து செல்போனில் படம் பிடித்தார். மாமியார் ஜன்னல் வழியே பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "துணி காயப்போடறியா, இல்ல அதுக்குப் பரீட்சை வைக்கிறியா?"

"பரீட்சைதான் அத்தை."

"பாஸாயிடுச்சுன்னா உள்ள வா. பாலைப் பூனை குடிச்சிட்டுப் போயிடும்."

கிடங்கில் செல்போனைச் சுவரோரம் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் படத்தை ஓட்டினார்கள். சித்தப்பாவின் வேகத்தில் படத்துத் துண்டு கல் மாதிரி தொப்பென்று விழுந்தது. குமிழைப் பதினாறுக்குத் திருப்பியதும் இரண்டு துண்டும் ஜோடி சேர்ந்து இறங்கின. லிஃப்ட்காரர் துள்ளிக் குதித்தார். தையல்காரிக்கும் முதலில் ஜிவ்வென்றுதான் இருந்தது. பிறகு தபால்காரம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. கண்டுபிடித்தாயிற்று, சரி. போய்ச் சொல்வது யார்?

வேறு யார், செயலாளர்தான். தபால்காரம்மா புரொஜெக்டரை வாங்க வந்தபோது தையல்காரி அதை மேசைமேல் எடுத்து வைத்தாள்.

"உங்க மெஷின் ரெடி. எப்பவும் போல ஓடும். அப்படியே எடுத்துட்டுப் போகலாம். ஒண்ணு மட்டும் கண்டுபிடிச்சிருக்கோம். தெரிஞ்சுக்கணுமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க."

தபால்காரம்மா மெஷினைத் தூக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தையல்காரி துண்டு விழுந்த கதையைச் சொன்னாள். தபால்காரம்மா நம்பாமல், வாளியும் துண்டும் கேட்டாள். ரொட்டிக்கடைச் சந்தில் கொடி கட்டி, தானே நழுவவிட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டு வேகத்திலும் அந்தத் துண்டு விழும் இடத்தை மட்டும் போடச் சொன்னாள். பார்த்துவிட்டு ஈரக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"எங்க அம்மா இந்தப் படத்தை ஒரு தடவைகூட முழுசா பார்த்தது இல்ல" என்றாள். "சித்தப்பா மெஷினைப் போட்டதுமே எழுந்து உள்ள போயிடுவாங்க. 'அது அவர் இல்லடி'ம்பாங்க. துக்கத்துல சொல்றாங்கன்னு நினைச்சேன்."

லிஃப்ட்காரர் ஏதோ கணக்குச் சொல்ல வாயெடுத்தார். தையல்காரி முறைத்த முறைப்பில் அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"உங்க வேகத்துலயே போடுங்க. முழுசா" என்றாள் தபால்காரம்மா.

முற்றம் வந்தது. துண்டு விழுந்தது. அப்பா குனிந்து எடுத்தார், குழந்தையைத் தோளுக்கு மாற்றினார், கதவுவரை நடந்தார், அங்கே நின்று எதையோ கைநீட்டிக் குழந்தைக்குக் காட்டினார். குழந்தை பார்க்கும்வரை காத்திருந்தார். திரும்பி நடந்தார். தபால்காரம்மாவின் கை தன்னால் கைப்பையைத் தேடியது. ஆண்டாண்டாக உடம்பு பழகிய கணக்கில் படம் இந்நேரம் முடிந்து, விளக்குப் போட்டிருப்பார்கள். சுவரில் அப்பா இன்னும் முற்றத்தின் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

அவள் கைப்பையை விட்டுவிட்டாள். தையல்காரியின் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியேதான் கேட்டாள்.

"அக்கா, இவ்வளவு நேரமா என்னைத் தூக்கி வெச்சிருந்தார்?"