ஒடுக்கு எந்தப் பக்கம்?

1

கதை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றிவிட்டான் என்று யாரும் வரக்கூடாது. பல் டாக்டர் என்னிடம் கேட்டது செய்முறைக் கட்டுரை. ராணுவ வண்டிகளைக் கையளவில் செய்து அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவர்களுக்கு இங்கே ஒரு சங்கம் இருக்கிறது. மொத்தம் பதினோரு பேர். பல் டாக்டர்தான் செயலாளர். நாலு பக்கத்தில் ஒரு பத்திரிகையும் போடுகிறார். பல் துளைத்துத் தேய்ந்துபோன ஊசிகளை எனக்குக் கொடுக்கிறவரும் அவரே என்பதால் மறுக்க முடியவில்லை. கடையில் வாங்கும் பெட்டியில் வராத பாகங்களை நீங்களே செய்கிறீர்களே, எதை எதில் செய்தீர்கள் என்று வரிசையாக எழுதினால் போதும் என்றார்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. "அவனுக்கு என்னவோ போலிருந்தது" என்று எழுதுவார்கள். என்ன போலிருந்தது என்று சொல்லமாட்டார்கள். தகரத்தில் அப்படி வேலை செய்தால் மறுநாளே ஆள் சட்டையைப் பிடித்துவிடுவான்.

இருந்தாலும் எழுதினேன். ஆரம்பம் இப்படி:

"முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் ரெக்கவரி வண்டியின் பின் மட்கார்டு செய்யும் முறை. தேவையானவை: முழங்கால் வலிக்குப் பூசும் களிம்பு டியூப் ஒன்று, பிளேடு, சாமணம், சூப்பர் பசை. டியூப்பை நீளவாக்கில் வெட்டிக் கழுவி, கண்ணாடி மேல் வைத்து ஸ்பூனின் முதுகால் தேய்த்துச் சமமாக்கவும். மட்கார்டில் உள்ள ஒடுக்கு வலது பக்கத்தில்"

[பேனா இங்கே நின்றது. ஒன்றரை வாரம் ஆகிறது. இன்னும் முற்றுப்புள்ளி வைக்கவில்லை. இந்தக் கதை அந்த வரியிலிருந்துதான் வந்தது.]

2

டாக்டருக்காகக் கொஞ்சம் செய்முறையும் சொல்லிவிடுகிறேன். வேண்டாதவர்கள் மூன்றாவதுக்குப் போகலாம். போனது எனக்குத் தெரியவா போகிறது.

ரெக்கவரி வண்டி என்பது பள்ளத்தில் விழுந்த மற்ற வண்டிகளைத் தூக்கி இழுத்து வருகிற ராணுவ லாரி. முதுகில் கிரேன் இருக்கும். கடையில் விற்கிற பெட்டியில் வெறும் லாரிதான் வந்தது. கிரேன், கொக்கி, கம்பிவடம், வடம் சுற்றும் உருளை, பின் மட்கார்டு இரண்டு, எல்லாம் என் கை. வடத்துக்குச் செத்துப்போன செல்போன் சார்ஜரின் செம்புக்கம்பியைப் பிரித்து மூன்று புரியாக முறுக்கினேன். போல்ட்டுகளுக்கு, பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்தேன். நூலாக வரும். அதைப் பிளேடால் சீவினால் ஒவ்வொரு சீவலும் ஒரு போல்ட். அறுபத்து நாலு வேண்டும். இரண்டு பறந்துவிட்டன. ஒன்று என் டீயில் கிடைத்தது.*

மட்கார்டுதான் பாடு. நிஜ வண்டியில் அது இரண்டு மில்லிமீட்டர் தகடு. முப்பத்தைந்தால் வகுத்தால் தலைமுடி கனம். பிளாஸ்டிக் அட்டையில் செய்தால் கட்டில் பலகை மாதிரி தெரியும், ஒடுக்கும் விழாது. களிம்பு டியூப்தான் சரி. ஒரு சிக்கல், அது என் மனைவியின் களிம்பு, பாதி மிச்சமிருந்தது. கிண்ணத்தில் பிதுக்கி மூடி வைத்துவிட்டுத்தான் வெட்டினேன். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். முழங்காலுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தால் வண்டிக்குப் பூசுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள்.

இன்னொன்று. சங்கத்தில் எல்லோரும் சக்கரத்தை ஒட்டிவிடுவார்கள். நான் ஒட்டவில்லை. வண்டி என்றால் உருள வேண்டும்.

(* இன்னொன்று கிடைக்கவே இல்லை. குடித்திருப்பேன்.)

3

இனி மச்சானை உள்ளே கொண்டுவர வேண்டும். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"மச்சான் ஆறடி உயரம், கணீரென்ற குரல்." [பொய். ஐந்தரை அடி, அதுவும் செருப்போடு.]

"மச்சான் ஒரு அப்பாவி." [அவரே சிரிப்பார்.]

"மச்சான் என்னை நாற்பத்தொரு வருஷமாகக் குத்திக்காட்டி வருகிறார்." [இது இருக்கட்டும்.]

அவர் குத்துகிற விதம் தனி. நான் எதையாவது தூக்கிக்கொண்டு பின்பக்கமாக நடந்தால் போதும், எங்கிருந்தாவது வந்து கையை ஆட்டி "வா... வா... வா..." என்பார். என் மகள் கல்யாணத்தில் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக வந்தேன். நூறு பேர் முன்னால் அதையே செய்தார். சம்பந்தி வீட்டார் என்ன பாசம் என்று பூரித்துப்போனார்கள்.

நான் செய்கிற ரெக்கவரி வண்டியின் அசலை ஓட்டியவர் அவர். போன மாதம் வீட்டுக்கு வந்தவர், மேஜை மேல் பாதி முடிந்த கிரேனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இது என் வண்டிதானே?"

"உங்க வண்டிதான் மச்சான்."

"அப்ப ஒடுக்கோட செய்ங்க மாப்ளே. பழைய டிரைவருங்க கூடுறப்ப நடு மேஜையில வைக்கணும். ஒடுக்கு இல்லாம நான் வாங்கிக்க மாட்டேன்."

"எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

"அதை எடுத்தவரு நீங்க. என்னைக் கேக்குறீங்க?"

அவரைத் தவிர்த்துப் பழைய டிரைவர்களில் மிச்சம் ஏழு பேர். ஏழு பேரும் இன்றைக்கும் அவரைத் தண்ணிலாரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை எழுதியாக வேண்டும். நானும் இவ்வளவு நேரம் போல்ட், களிம்பு என்று சுற்றிச் சுற்றி வந்துவிட்டேன்.

4

மச்சான் வண்டி ஓட்டிய ராணுவப் பணிமனையில் நான் ஒடுக்கு எடுக்கிறவன். அடிபட்டு உள்ளே போன தகட்டைத் தட்டித் தட்டிப் பழையபடி வெளியே கொண்டுவருவது என் வேலை. ஆள் குறைந்த நாளில் பின்பக்கமாக வரும் வண்டிகளுக்குக் கைகாட்டவும் சொல்வார்கள்.

ரெக்கவரி வண்டியில் டிரைவர் வலது பக்கம் உட்காருவார். அந்தப் பக்கத்தைத் தலையை நீட்டினால் தானே பார்த்துக்கொள்ளலாம். இடது பக்கத்தைக் கிரேன் மறைத்துவிடும். அங்கே அவருக்குக் கண் கிடையாது, கைகாட்டுகிறவன்தான் கண். ஆகவே வலது பக்கம் இடித்தால் தப்பு டிரைவருடையது. இடது பக்கம் இடித்தால் கைகாட்டியவனுடையது. இதில் வாதாட ஒன்றுமில்லை.

மச்சான் (அப்போது அவர் எனக்கு மச்சான் இல்லை, வெறும் டிரைவர்) வண்டியைப் பின்னால் எடுத்து வந்தார். நான் கைகாட்டினேன். வாசலில் ஒரு இரும்புத் தூண். நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது

[இந்த வரி வேண்டாம்.]

தூணில் மட்கார்டு மோதியது. அதிகாரி மறுநாள் காலையில்தான் வருவார். சாயங்காலத்துக்குள் நான் ஒடுக்கை எடுத்துவிட்டேன். அவ்வளவு சுத்தமாக என் வாழ்நாளில் வேறெந்த ஒடுக்கையும் எடுத்ததில்லை. அதோடு இரண்டு மட்கார்டுக்கும் புதுப் பெயின்ட் அடித்தேன். இடிபட்டது ஒன்று, பெயின்ட் எதற்கு இரண்டுக்கு என்று கேட்கிறீர்களா? அதிகாரி அதைக் கேட்கவில்லை. மோதிய சேதி மட்டும் அவர் காதுக்குப் போயிருந்தது, எந்தப் பக்கம் என்று விசாரித்தார். மச்சான் இடது என்றார், நான் வலது என்றேன். வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஒரு மாதத்தில் அவரை ரெக்கவரி வண்டியிலிருந்து இறக்கித் தண்ணி லாரிக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை தண்ணி லாரிதான்.

என்ன ஆள் இவன் என்று நினைப்பீர்கள். நினையுங்கள். உங்கள் வீட்டு மட்கார்டு எப்படி என்று எனக்குத் தெரியாது.

ஆனால் இப்போது பாருங்கள் வேடிக்கையை. ஆயுள் முழுக்க ஒடுக்கு எடுத்தவன், எழுபத்து மூன்று வயதில் ஒடுக்கு வைக்க உட்கார்ந்திருக்கிறேன். டியூப் தகடு ஒருமுறைதான் மடங்கும். நிமிர்த்தினால் கோடு விழும். எழுதுகிறவனுக்கு இந்தத் தொல்லை இல்லை, அடித்துவிட்டு மேலே எழுதிக்கொள்வான்.

5

முடிவுகள் கைவசம் நாலு.

முதல் முடிவு. வலது பக்கம் வைப்பது. நாற்பத்தொரு வருஷம் சொன்ன சொல் நிற்கும். மச்சான் வண்டியைத் திருப்பித் தருவார். தண்ணிலாரி தண்ணிலாரியாகவே இருப்பார்.

இரண்டாவது. இடது பக்கம் வைப்பது. ஏழு பேரும் வண்டியைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள்.

மூன்றாவது. இரண்டு பக்கமும் வைப்பது. [கோழைத்தனம். அடிபட்ட டப்பா மாதிரியும் இருக்கும்.]

நாலாவது பல் டாக்டருடையது. இதுவரை எழுதியதை அவரிடம் காட்டினேன். மட்கார்டு செய்யச் சொன்னால் குடும்ப விவகாரம் எழுதியிருக்கிறீர்களே பெரியவரே என்று தலையில் கைவைத்தார். பிறகு கதையில் இறங்கிவிட்டார். ஒடுக்கு விழுந்த மட்கார்டு ஒன்று, விழாதது ஒன்று செய்து, அடியில் காந்தத் துண்டு வைத்துவிட்டால் ஆளைப் பார்த்து மாற்றி மாற்றி மாட்டலாம் என்றார். வாய்க்குள்ளே பொய்ப்பல் மாட்டுகிறவர் வேறென்ன சொல்வார்.

6

இந்த இடத்தில் என் மனைவி கதைக்குள் வருகிறாள். நான் கூப்பிடவில்லை. நான் குளிக்கப் போன நேரத்தில் காகிதங்களை எடுத்துப் படித்திருக்கிறாள். அவள் ஏழாவது, என்னைவிட இரண்டு வகுப்பு அதிகம்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது நாலாவது பகுதியை நீட்டினாள்.

"இந்த வரியை ஏன் பாதியில விட்டுட்டீங்க?"

எந்த வரி என்றேன். தெரியாமல் கேட்கவில்லை.

"என்னத்தைப் பாத்துட்டு இருந்தீங்கன்னு எழுத வேண்டியதுதானே. வீட்டுச் சாவியை மறந்துட்டு, அண்ணன்கிட்ட வாங்க வந்திருந்தேன். உங்க மூஞ்சி என் பக்கம் இருந்துச்சு. கை மட்டும் அது பாட்டுக்கு வா வான்னு ஆடிட்டு இருந்துச்சு."

நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்பத்தொரு வருஷமாக ஒரு சாட்சி என் வீட்டிலேயே சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

சரி, எழுதிவிடுகிறேன். வாசலில் ஒரு பெண் செருப்பில் ஏறிய கல்லை உதறிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். விழுந்துவிடுவாளோ என்று பார்த்தேன். விழவில்லை. வண்டிதான் மோதியது. அன்றைக்கு அவளைத் தாங்கிய முழங்கால்தான் இப்போது களிம்பு கேட்கிறது.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க கேக்கல. அண்ணன் கேட்டான், சொன்னேன். நம்மளுக்குப் பேசி முடிக்கிறதுக்கு முன்னாடியே."

"தெரிஞ்சுமா உன்னைக் குடுத்தாரு?"

"'அந்தக் கையை நம்பித்தான் நான் பின்னால வந்தேன், இப்ப நீயும் நம்பப் போறியா'ன்னான். 'ஒடுக்கு நல்லா எடுக்குறாரே'ன்னேன். சிரிச்சுட்டான்."

எந்தப் பக்கம் என்பதில் மச்சானுக்குச் சந்தேகமே இல்லையாம். என் கை அதை எந்தப் பக்கம் வைக்கிறது என்றுதான் பார்க்க வேண்டுமாம். இதைச் சொல்லிவிட்டு, கிண்ணத்திலிருந்த களிம்பை எடுத்து முழங்காலில் தேய்த்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். கதையில் ஒரு பாத்திரம் இப்படி எழுதுகிறவனை நடுவில் விட்டுவிட்டுப் போகலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

7

ஐந்தாவது முடிவு ஒன்று செய்திருக்கிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை மதியம். பெயின்ட் காய்ந்துவிட்டது. இரண்டு மட்கார்டையும் ஒடுக்கில்லாமல் ஒட்டிவிட்டேன். கூடவே பெரிய போல்ட் ஒன்றைத் தலைகீழாகப் பலகையில் ஒட்டி, தூண் செய்திருக்கிறேன். அளவு சரி. துருகூடப் பூசினேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு டிரைவர்கள் கூடும் அறையில், நீள மேஜை மேல் தூணை வைப்பேன். இடது பக்கத்தில். ஏழு பேருக்கும் கேட்கும்படி, தூண் இங்கேதான் இருந்தது என்று சொல்வேன். அந்தச் சொல்லை எந்த முடிவிலும் மாற்றப்போவதில்லை. சொன்ன பிறகு வண்டியை மச்சான் கையில் கொடுத்து, பின்னால் எடுங்கள் என்பேன். சக்கரம் உருளும். தகடு தலைமுடி கனம். விரலால் தள்ளுகிற வேகம் போதும்.

நான் பின்னால் நின்று கைகாட்டுவேன். கண்ணைத் தூணிலேயே வைத்திருப்பதாகத்தான் எண்ணம். மனைவியும் வருகிறேன் என்கிறாள். வாசல் பக்கம் நிற்காதே என்று சொல்லிப் பார்த்தேன், எனக்கு எங்கே காற்று வருகிறதோ அங்கேதான் நிற்பேன் என்றுவிட்டாள்.

நில்லு என்று நான் சொல்வேனா, என்னைப் பற்றி எனக்கே நம்பிக்கை இல்லை. சொன்னால் வண்டி முழுசாக நடு மேஜையில் நிற்கும். சொல்லாவிட்டால் ஒடுக்கு, விழ வேண்டிய இடத்தில் விழும். மச்சானுக்கு எது பிடிக்கும் என்றும் தெரியவில்லை.

ஆகவே இவ்வளவு தூரம் படித்த உங்களிடம் விட்டுவிடுகிறேன். மேஜை ஓரமாக ஒரு நாற்காலி காலியாக இருக்கும், உட்காருங்கள். தூண் உங்களுக்கு நன்றாகத் தெரியும். வண்டி வரும், என் கை ஆடும். நில்லு என்று சொல்வதானால் நீங்கள் சொல்லுங்கள், வேண்டாமென்றால் வாயை மூடிக்கொண்டு பாருங்கள்.

ஒடுக்கு விழுந்தால், எடுக்கச் சொல்லி மட்டும் என்னிடம் வராதீர்கள்.