கண்படாத சொல்

என் மச்சினன் சுதேஷ் ஸ்பெயினில் லூசியாவைக் கட்டியதிலிருந்து, அந்தப் பாஷையை ஒரு கை பார்த்தே தீருவேன் என்று என் மனைவி சஞ்சீவனி நின்றாள். தம்பி பொண்டாட்டியோடு பேச வேண்டுமாம். சாப்பிட்டாயா என்று கேட்கப் பழகவே மாதக்கணக்கானது. அதற்குள் ஏழாம் மாதத்திலேயே அவர்களுக்குப் பெண் பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இவளை அத்தை என்று கூப்பிட உலகத்தில் அந்த ஒன்றுதான்.

பிள்ளை நிறை கூடியிருக்கிறது, பின்னேரம் வீடியோவில் காட்டுகிறேன் என்று லூசியா செய்தி அனுப்பினாள். சஞ்சீவனி உடனே பக்கத்து ஊர் மடவளையிலிருந்து ஷிஹாபை வரவழைத்தாள். ஸ்பெயின்காரர்களுக்குக் கண்டியைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி அவன்.

"கோர்திட்டா எண்டு சொல்லுங்க அக்கா. குண்டுக்குட்டி எண்டு அர்த்தம். சின்னப் புள்ளைகளை அங்க செல்லமா அப்படித்தான் கூப்புடுவாங்க."

"பச்சப்புள்ளைய யாராவது குண்டுன்னு சொல்லுவாங்களா? கண்ணு பட்டுரும். மெலிஞ்ச புள்ளைக்கு என்ன சொல்றது?"

"ஃப்ளாகிட்டா. ஆனா வேணாம் அக்கா. நிறை கூடணும் எண்டு அந்தத் தாய் ஏங்கிட்டு ஈக்கிறாங்க."

இவள் கேட்டால்தானே. பிடித்த முயலுக்கு மூன்றே கால். எங்கள் மஹய்யாவையில் பிள்ளையைக் கொழுகொழு என்று எவளாவது சொல்லிவிட்டால், அவள் படியிறங்கும் முன் மிளகாய் அடுப்பில் விழும். அன்று இவள் தொலைபேசிக்கே உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டு, எங்களை இரும வைத்தாள்.

லூசியா சிரித்தபடி பிள்ளையைக் காட்டினாள். "ஃப்ளாகிட்டா," என்றாள் சஞ்சீவனி, உருகிப்போய். லூசியாவின் முகம் செத்துவிட்டது. திரை அணைந்தது. அக்கா நல்லதுக்குத்தான் சொன்னாள் என்று சுதேஷ் எவ்வளவோ விளக்கியும் லூசியா பிறகு பேச வரவில்லை.

அடுத்த வாரம் கிருமித் தொற்று என்றார்கள். பிள்ளை போய்விட்டது.

"கண்ணு படக்கூடாதுன்னுதானே அப்படிச் சொன்னேன்," என்று இவள் என்னைக் கேட்டாள்.

அடக்கம் முடிந்த அன்று லூசியாவே வீடியோவில் அழைத்தாள். மடியில் பிள்ளையின் போர்வை மட்டும் இருந்தது. ஷிஹாபைக் கூப்பிடட்டுமா என்றேன். சஞ்சீவனி வேண்டாமென்று தலையாட்டினாள்.

"கோர்திட்டா," என்றாள். "நம்ம கோர்திட்டா."

லூசியா போர்வையில் முகத்தைப் புதைத்தாள். முகத்தை எடுக்காமலே, "ஓத்ரா வெஸ்," என்றாள். இன்னொரு தடவை சொல்லு என்கிறாள். அது எனக்கே தெரியும்.

சஞ்சீவனி சொன்னாள். மறுபடி சொன்னாள். குண்டுக்குட்டி, கொழுகொழுக் கட்டி என்று தமிழிலும் வாய் நிறையச் சொன்னாள். அடுப்பு அணைந்து கிடந்தது. இனி யார் கண் பட்டு என்ன.