இரண்டாவது கண்

2023 மார்ச் 9, வியாழக்கிழமை, ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் ஊருக்கு வெளியே உள்ள ஒரு பண்ணையில் டார்ப்பர் இனச் செம்மறியாடுகள் எட்டு அறுக்கப்பட்டன. மார்ச் 11, சனிக்கிழமை, அதே கொட்டகையில் பார்பேடோஸ் பிளாக்பெல்லி இனச் செம்மறியாடுகள் எட்டு அறுக்கப்பட்டன. எல்லா ஆடுகளுக்கும் அறுப்பதற்கு மூன்று நாள் முன்பு ஒரே அளவில் இளம் குடற்புழுக்கள் வாய்வழியே புகட்டப்பட்டிருந்தன.

அவற்றின் குடல் துண்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டுச் சிங்கப்பூருக்கு வந்தன. புவன விஸ்தாவில் இருந்த ஆய்வுக்கூடம் ஒன்றில் அவற்றை மெல்லியதாகச் சீவி ஸ்லைடுகளில் ஏற்றினார்கள். ஒவ்வொரு ஸ்லைடையும் இரண்டு பேர் தனித்தனியே எண்ண வேண்டும். எந்த ஆடு எந்த இனம் என்று எண்ணுகிறவர்களுக்குச் சொல்வதில்லை. முதலில் எண்ணியவள் பரீதா, ஆய்வும் அவளுடையதுதான். அடுத்து எண்ணுகிறவரை அந்தக் கூடத்தில் ‘இரண்டாவது கண்’ என்பார்கள். அது சிவதர்ஷினி.

சிவதர்ஷினி பதினோரு ஆண்டுகளாக அங்கே ஒப்பந்தத்தில் இருந்தாள். பரீதா வந்து மூன்று ஆண்டுகள். நுண்ணோக்கியின் முன் முதுகு வலிக்காமல் உட்காருவது எப்படி என்பதிலிருந்து அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தவள் சிவதர்ஷினி. இப்போது நிரந்தரப் பதவி ஒன்று வந்திருந்தது. ஒன்றே ஒன்று. ஜூன் மாதக் கருத்தரங்கம் முடிந்ததும் தேர்வுக் குழு முடிவு செய்யும் என்று துறைத்தலைவர் நடேசன் இருவரிடமும் சொல்லியிருந்தார்.

பிளாக்பெல்லி ஆடு ஈரமான மேய்ச்சல் நிலத்தில் புழுக்களோடு வாழ்ந்துவிடும் என்பதும், அதே புல்லைத் தின்ற டார்ப்பர் கழிந்து, மெலிந்து, படுத்துவிடும் என்பதும் பண்ணைக்காரர்கள் அறிந்த சங்கதி. ஏன் என்பதில்தான் சண்டை. இரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகச் சில வாரங்கள் ஆகும். அதில்தான் இனத்துக்கு இனம் வேறுபாடு என்று சிவதர்ஷினி மூன்று கட்டுரைகள் எழுதியிருந்தாள். பரீதா அதை மறுத்தாள். அவ்வளவு நாள் ஆவதில்லை, மூன்றாம் நாளே பிளாக்பெல்லியின் குடல் சுவரில் செந்துகள் நிறைந்த வெள்ளணுக்கள் திரண்டு, புழு நிலைகொள்ளும் முன்பே அதை விரட்டிவிடுகின்றன என்றாள். அவள் சொல்வது சரியென்றால் சிவதர்ஷினியின் கட்டுரைகள் தப்பாகிவிடாது. கதையின் பிற்பகுதியாகிவிடும், அவ்வளவுதான்.

ஏப்ரலில் ஆய்வுக்கு மேலும் நிதி கிடைத்ததைக் கொண்டாட நடேசன் எல்லாரையும் ரேஸ் கோர்ஸ் சாலைக்குச் சாப்பிட அழைத்துப் போனார். வாழையிலையில் மட்டன் வறுவல் விழுந்ததும், ஸ்லைடு சீவும் அதீஃப் ஆரம்பித்தான்.

“இது எந்த பிரீடுன்னு பரீதாவக் கேளுங்க லா. அவங்க அப்பாதான் தேக்கா மார்க்கெட்ல கறிக்கடை வெச்சிருக்காரு.”

“ஆஸ்திரேலியாக்காரன். ஃப்ரோசன்,” என்றாள் பரீதா, இலையைப் பார்க்காமலே. “புழு இருந்தாலும் குளிர்லயே செத்திருக்கும். பயப்படாம சாப்பிடு.”

நடேசன் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தார். “இந்தப் பொண்ணுக்கு ரத்தத்துலயே ஆடு ஓடுது. நாமெல்லாம் படத்துல பாத்துப் படிச்ச ஆளுங்க. என்ன தர்ஷினி?”

“ஆமா சார்,” என்று சிவதர்ஷினியும் சிரித்தாள். ‘உன் கண்ணு வேற யாருக்கும் வராது’ என்று இதே மனிதர் ஒரு காலத்தில் தன்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. கறிக்கடைக்காரர் மகள் என்பது எப்போதிருந்து ஒரு தகுதியானது?

“அக்கா, உங்களுக்கு நண்டு பிடிக்குமே,” என்று பரீதா தன் பங்கிலிருந்த பெரிய துண்டை அவள் இலையில் வைத்தாள். சிவதர்ஷினி அதைத் தொடாமலே இலையை மடித்தாள்.

மே மாதக் கடைசியில் ஸ்லைடுகள் அவள் மேசைக்கு வந்தன. பத்துப் பதினைந்து பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பாதி ஸ்லைடுகளில் குடல் சுவர் வெளிறிக் கிடந்தது. மறுபாதியில் செந்துகள் அணுக்கள், குங்குமம் சிந்தினாற்போல், சுவர் நெடுகத் தெரிந்தன. இனப்பெயர் சொல்லத் தேவையில்லை. பரீதா சொன்னது கண்முன் இருந்தது.

அவள் அதை நம்ப மறுத்தாள். சாயம் கூடியிருக்குமோ என்று பார்த்தாள். சரியாக இருந்தது. சீவல் தடித்திருக்குமோ என்று பார்த்தாள். அதீஃப் பழுதில்லாமல் சீவியிருந்தான். மறுபடி எண்ணினாள். ஒரு எண்ணும் மாறவில்லை. இவ்வளவு கவனமாகத் தன் சொந்த ஸ்லைடுகளைக்கூட அவள் பார்த்ததில்லை.

மூன்றாம் முறை பார்க்கும்போது கிடைத்தது. வெளிறிய ஸ்லைடுகளில், குடலின் உட்படலத்துக்கு அடியில், திராட்சைக் கொத்துப்போல் சின்னச் சுரப்பிகள் இருந்தன. சிறுகுடலில் வயிற்றை ஒட்டிய பகுதியில் மட்டுமே அவை இருக்கும். சிவந்த ஸ்லைடுகளில் அவை இல்லை. அப்படியானால் ஓர் இனத்தின் குடலை வயிற்றுக்குப் பக்கத்திலும் இன்னோர் இனத்தின் குடலை வெகுதூரம் தள்ளியும் வெட்டியிருக்கிறார்கள். ஒருவரின் நெற்றியையும் இன்னொருவரின் முழங்காலையும் வைத்து யார் சிவப்பு என்று கேட்பதுபோன்ற ஒப்பீடு. இந்த ஆய்வு நிற்காது.

எழுந்து போய் ஒரு தேநீர் போட்டுக்கொண்டாள்.

“அக்கா, முடிஞ்சுதா?” அடுத்த மேசையிலிருந்து பரீதா கேட்டாள். “ஏதாச்சும் விசேஷம்?”

“எண்ணி அனுப்பிட்டேன்.”

“ஏதாச்சும் இடிச்சா சொல்லுங்க. கட்டுரைல எல்லாத்தையும் போட்டுடலாம்.”

“உனக்குத் தெரியாததா நான் சொல்லப்போறேன்?”

பரீதா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

புக்கிட் பாத்தோக்கில் சிவதர்ஷினியின் வீட்டில் அன்று மாலை அம்மா புஷ்பராணி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மணமாகி வந்து நாற்பது ஆண்டுகள் ஆகியும் அவர் பேச்சு மாறியிருக்கவில்லை.

“என்ன பிள்ளை, இண்டைக்கு முகம் நல்லாக் கிடக்கு?”

சிவதர்ஷினி சொன்னாள்.

“அப்ப அந்தப் பிள்ளையிட்டச் சொல்லிப்போட்டியோ?”

“கருத்தரங்கத்துல சொல்லுவேன்.”

“எல்லாருக்கும் முன்னாலையோ?”

“அதுக்குத்தானேம்மா கருத்தரங்கம் வைக்கிறாங்க.”

அம்மா டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

கருத்தரங்கம் ஜூன் நடுவில் நடந்தது. தேர்வுக் குழுவின் மூவரும் முன்வரிசையில் இருந்தார்கள். பரீதா பேசி முடித்ததும் சிவதர்ஷினி எழுந்தாள். தயாராக வைத்திருந்த இரண்டு படங்களைத் திரையில் போடச் சொன்னாள். சுரப்பி உள்ள குடல். சுரப்பி இல்லாத குடல். ஒப்பிடவே கூடாத இரண்டு இடங்களை ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள். பரீதாவின் முகம் சுருங்கியதை அவள் பார்த்தாள். அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

பரீதா திரைக்கு அருகில் போய்ச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தன் தவறுதான் என்றாள். பிளாக்பெல்லிகளை அறுத்த சனிக்கிழமை பள்ளி விடுமுறை தொடங்கிய நாள். எல்லையில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி நெரிசலில் மாட்டிக்கொண்டு தாமதமாகப் போனாள். பண்ணை ஆட்கள் அதற்குள் வெட்டி முடித்திருந்தார்கள். அளந்து வெட்டினார்களா என்று அவள் கேட்கவில்லை.

திடீரென்று திரும்பி, அத்தனை பேர் முன்னிலையில் தமிழிலேயே கேட்டுவிட்டாள்.

“அக்கா, தள்ளி வெட்டினது பிளாக்பெல்லியத்தானே?”

“ஆமா.”

“புழு மேலதானே உக்காரும்?”

கேள்வி முடிவதற்குள் சிவதர்ஷினிக்கு விளங்கிவிட்டது. இந்தப் புழு வயிற்றை அடுத்த முதல் சில மீட்டரில்தான் நெருக்கமாக இருக்கும். கீழே போகப்போகப் புழுவும் குறையும், அதைத் தேடி வரும் அணுக்களும் குறையும். அவளுடைய இரண்டாவது கட்டுரையே அதைப் பற்றியதுதான். டார்ப்பரை அணுக்கள் மிகுந்திருக்க வேண்டிய இடத்தில் வெட்டியிருந்தும் அது வெளிறிக் கிடந்தது. பிளாக்பெல்லியை அணுக்கள் குறைவாக இருக்க வேண்டிய இடத்தில் வெட்டியிருந்தும் அது சிவந்திருந்தது. பிழை பரீதாவுக்கு எதிராகத்தான் வேலை செய்திருக்கிறது. குறை ஒன்று கிடைத்த மகிழ்ச்சியில், அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவள் பார்க்கவே இல்லை.

குழுவிலிருந்த வெளியூர்ப் பேராசிரியை, நல்ல கவனிப்பு என்று சிவதர்ஷினியைப் பாராட்டினார். இதை எப்போது கண்டுபிடித்தீர்கள் என்றும் கேட்டார்.

இரண்டு வாரம் முன்பு என்றாள் சிவதர்ஷினி. பொய் சொல்ல அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. பேராசிரியை தலையசைத்துவிட்டுத் தன் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். நடேசன் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே தாழ்வாரத்தில் பரீதா அவளைப் பிடித்தாள்.

“ரெண்டு வாரமா தெரியும்னா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா.”

“நீதான் பாத்திருக்கணும்.”

“பாத்திருக்கணும்தான். நான் இல்லன்னு சொல்லல.” என்றாள் பரீதா. “நீங்க பக்கத்து மேசைலதானே இருந்தீங்க.”

சிவதர்ஷினி மின்தூக்கியின் பொத்தானை அழுத்தினாள். அது வர நேரமாயிற்று. இருவரும் கதவைப் பார்த்தபடி நின்றார்கள்.

ஒவ்வொரு ஆட்டின் குடலிலிருந்தும் வேறு வேறு இடங்களில் வெட்டிய கூடுதல் துண்டுகள் மெழுகில் இருந்தன. நடேசன் அவற்றில் சுரப்பி உள்ளவற்றை, அதாவது வயிற்றை ஒட்டி வெட்டியவற்றை மட்டும் தேர்ந்து மறுபடி சீவச் சொன்னார். இரண்டாவது கண்ணை மாற்றவில்லை. அவர் அதைப் பெருந்தன்மையாகச் செய்தாரா தண்டனையாகச் செய்தாரா என்று சிவதர்ஷினிக்குத் தெரியவில்லை. இரு இனங்களின் வித்தியாசம் குறைய வேண்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டே எண்ணினாள். ஆனால் எதையும் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை.

வித்தியாசம் முன்னைவிடப் பெரிதாக வந்தது. இருவரின் எண்ணிக்கைகளும் ஒத்துப்போயின. நிரந்தரப் பதவி ஆகஸ்டில் பரீதாவுக்குக் கிடைத்தது. கட்டுரை அடுத்த ஆண்டு வெளியானபோது சிவதர்ஷினியின் பெயர் இரண்டாவதாக இருந்தது. அவளுடைய ஒப்பந்தம் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.