ஷட்டர் பெட்டிக்குக் கீழே

வீட்டோடு மாப்பிள்ளைக்குச் சோற்றுக்குக் கவலையில்லை, மூச்சுக்குத்தான் கவலை. மாமியார், மச்சான், கடைக்கு வாளி வாங்க வருகிறவர் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளைதான். கீழே முன்பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை, பின்பக்கம் பின்தெருவைப் பார்த்து ஷட்டர் போட்ட சரக்கறை, மேலே வீடு. காலையில் படியிறங்கினால் கடை, இரவில் படியேறினால் வீடு. அவருக்கென்று அங்கே இருந்த ஒரே பொருள் சரக்கறையில் நின்ற பழைய ஜீப். கல்யாணத்துக்கு முன்னால் சொந்த உழைப்பில் வாங்கியது. அதன் இரும்புக் கூரை மேல் மச்சான் வாளிகளை அடுக்கி வைத்திருந்தார்.

மச்சான் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். "போய் டீ குடிச்சிட்டு வாங்க மாப்பிள்ளை" என்று அன்பாகத்தான் அனுப்புவார். திரும்பி வரும்போது கண் கடிகாரத்தில் இருக்கும். எந்தச் சட்டை போடுவது, எப்போது முடி வெட்டுவது எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு யோசனை தயாராக இருக்கும். கல்லாவுக்குப் பின்னால் அந்தப் பெரிய உடம்போடு அவர் உட்கார்ந்திருக்க, பக்கத்து முக்காலியில் மாப்பிள்ளை தலையாட்டிக்கொண்டிருப்பார். ஆட்டி ஆட்டிக் கழுத்தே தேய்ந்துபோயிற்று.

இப்படி இருக்கையில்தான் மலை மேலுள்ள வானிலை நிலையத்து அதிகாரி தண்ணீர்த் தொட்டி வாங்க வந்தார். ஆட்களையும் சாமானையும் மேலே ஏற்றிப்போக வண்டியோடு ஓர் ஆள் வேண்டுமாம், குடியிருக்க வீடும் உண்டாம். அன்று மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன புருஷனும் பெண்டாட்டியும் துணியை மறந்துவிட்டு வெகுநேரம் பேசினார்கள். "போயிடலாம்" என்றாள் அவள். அண்ணனுக்குத் தெரியாமல் அவள் வாழ்க்கையில் எடுத்த முதல் முடிவு அது.

கொள்முதலுக்குப் போவதாகச் சொல்லி ஒருநாள் ஜீப்பை மலைக்கு ஓட்டிப் பார்த்தார் மாப்பிள்ளை. பாதி வழியில் வண்டியின் வயிறு பாறையில் இடித்து, கியர் பெட்டிக்குக் கீழே இருந்த தகடு நசுங்கிவிட்டது. தட்டுத் தடுமாறி மேலே போய்ச் சேர்ந்ததும் அதிகாரி குனிந்து பார்த்தார். "நல்ல வண்டிதான், குள்ளமா இருக்கு. தூக்கிட்டு ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள வாங்க. இல்லேன்னா வேற வண்டி நிக்குது" என்றார்.

வண்டியைத் தூக்க வேண்டுமென்றால் ஊரில் 'ஸ்பானர்' என்று பேரெடுத்த மெக்கானிக்தான் கதி. கை எவ்வளவு வேலை செய்யுமோ அதற்கு இரண்டு மடங்கு வாய் வேலை செய்யும் ஆசாமி.

"புது ஸ்பிரிங் கட்டு நாலும் மாத்திட்டா ராஜா மாதிரி போகலாம்" என்றார் ஸ்பானர்.

"அந்தக் காசுக்கு மச்சான்கிட்ட நிக்கணும். நின்னா எதுக்குன்னு கேப்பார்."

"அப்ப மலிவா மூணு வழி இருக்கு. ஸ்பிரிங்கைத் தொங்க விடற கொக்கியை நீட்டலாம். ஆனா ஸ்டீயரிங் குடிகாரன் மாதிரி அலையும். அச்சுக்கு மேல இரும்புக் கட்டை வெக்கலாம். ஏத்தத்துல கட்டை நழுவுச்சுன்னா நான் பொறுப்பில்ல. மூணாவது, இருக்கற நாலு கட்டுலயும் ஒவ்வொரு தடி இரும்புப் பட்டை சேத்துடலாம். உறுதியா நிக்கும். ஆனா கல்லு மாதிரி இருக்கும், சுலபத்துல அமுங்காது. உங்க இடுப்பு ஒடியும்."

"அது ஏற்கெனவே ஒடிஞ்சதுதான்யா. பட்டையே போடு."

மச்சான் சரக்கெடுக்க வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து, சரக்கறை ஷட்டரை உள்ளிருந்தே இறக்கிவிட்டு இருவரும் வேலையை முடித்தார்கள். ஸ்பானர் ஒவ்வொரு சக்கரத்துக்கும் டேப் பிடித்து அளந்தார். வண்டி நாலு விரல் எழுந்து நின்றது. முட்டி போட்டுக் கிடந்தவன் எழுந்தது போலிருந்தது மாப்பிள்ளைக்கு. சந்தோஷத்தில் கூரை மேல் மறுபடி ஏறியிருந்த வாளிகளையெல்லாம் அவரே இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷட்டரைத் தூக்கி வண்டியை நகர்த்தியதும் 'டங்' என்றது. ஷட்டர் சுருளும் தகரப் பெட்டியில் கூரை முட்டி நின்றது. எல்லாவற்றையும் அளந்த இரண்டு புத்திசாலிகளும் வாசலை அளக்க மறந்திருந்தார்கள்.

"தலைக்கு மேல வெள்ளம், சாண் என்ன முழம் என்ன" என்று தத்துவம் பேசினார் ஸ்பானர்.

"சாண் முழம் இல்லய்யா, நாலு விரல்! அளந்து பாக்கக் கூடாதா?" என்று கத்தினார் மாப்பிள்ளை. சிறைக்குள் உட்கார்ந்து சிறைக்கு இன்னொரு பூட்டுச் செய்து மாட்டியிருக்கிறோமே என்று அவருக்கு அழுகை வந்தது. பட்டைகளைக் கழற்றினால் பழைய குள்ளம், பழைய முக்காலி.

நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கினார்கள். இரண்டு விரல் இறங்கியது. மனைவியும் மாமியாரும் ஏறினார்கள். மாமியாருக்கு எங்கோ உலாப் போவதாக நினைப்பு, தலை சீவிக்கொண்டு வந்திருந்தார். ஸ்பானரும் ஏறினார். கால் வைக்கும் இடமெல்லாம் தண்ணீர் நிரப்பிய வாளி. கல்லுப் பட்டை அசைந்து கொடுத்தது ஒரு விரல்தான். இன்னும் ஒரு விரல் இடித்தது. ஏற்றிக்கொள்ளத் தெருவில் ஆளில்லாமல் இல்லை. ஆனால் மச்சான் அனுமதியில்லாமல் அந்த வாசலில் எவன் கால் வைப்பான்?

அந்த நேரம் பார்த்து மச்சான் பையும் கையுமாக வந்து நின்றார்.

"என்ன மாப்பிள்ளை இது?"

மாப்பிள்ளை மச்சானை மேலும் கீழும் பார்த்தார். அந்த வீட்டில் அவரை உள்ளே வைத்திருந்தது மச்சானின் இந்தப் பெரிய உடம்பு. வெளியே எடுக்கவும் இந்த உடம்பைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"வண்டி வெளிய வரணும் மச்சான். கொஞ்சம் ஏறி உக்காருங்க."

மச்சான் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு ஏறினார். ஜீப் முனகிக்கொண்டு தணிந்தது. வாளித் தண்ணீர் மாமியாரின் காலில் கொட்டியது. மாப்பிள்ளை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். பாதிக் கூரை பெட்டியைத் தாண்டியது.

"நிறுத்துங்க" என்றார் மச்சான். "மலைக்கா?"

மாப்பிள்ளை திடுக்கிட்டார்.

"அந்த அதிகாரி என்கிட்டயும்தான் சொன்னார். திரும்பி வருவீங்களா?"

சாயங்காலமே வந்துவிடுவோம் என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் சுலபமாகப் போயிருக்கும். ஆனால் அன்றைக்கு அவரால் தலையாட்ட முடியவில்லை.

"வரமாட்டோம் மச்சான். அங்கயே வீடு தர்றாங்க."

"என்னது?" என்று மாமியார் அலறினார்.

மச்சான் ஒரு காலை எடுத்துத் தரையில் ஊன்றினார். அவ்வளவுதான். வண்டி எழும்பியது, கூரை தகரப் பெட்டியை அழுத்தியது, 'கிரீச்' என்ற சத்தத்தில் எல்லாரும் கழுத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். யானை போய் வால் மாட்டிக்கொண்ட கதைதான். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது.

"நான் என்ன குறை வெச்சேன்?"

"ஒரு குறையும் இல்ல மச்சான். மூச்சு முட்டுது."

"எனக்கு முட்டலையா?" மச்சானின் குரல் தெருவுக்கே கேட்டது. "அப்பா போன மறுநாள் என்னை அந்தக் கல்லா நாற்காலியில உக்கார வெச்சீங்க. எந்திரின்னு இன்னிவரைக்கும் யாராவது சொன்னீங்களா? பக்கத்துல இவரு இருந்தாரு, நாளு ஓடுச்சு."

மாமியார் ஈரப் புடவையைப் பிடித்தபடி மகனையே பார்த்தார்.

"அண்ணே" என்றாள் தங்கை மெல்ல. "நீ இறங்கினா நாங்க இப்படியே மாட்டிக்கிட்டு நிப்போம். நீ எங்களைப் பாத்துக்கிட்டு வெளிய நிப்பே. அதுல யாருக்கு என்ன லாபம்?"

"எனக்குக் கழுத்தும் வலிக்குது" என்றார் ஸ்பானர்.

மச்சான் அந்தக் காலை வெகுநேரம் தரையிலேயே வைத்திருந்தார். பிறகு உள்ளே இழுத்துக்கொண்டார். "ஓட்டுங்க" என்றார்.

தெருவில் ஒவ்வொருவராக இறங்க இறங்க ஜீப் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. கடைசியாக மச்சான் இறங்கினார். கூரையைப் பார்த்தார், ஷட்டர் பெட்டியைப் பார்த்தார்.

"காத்தும் அடிச்சிட்டா இனிமே இது உள்ள வராது."

"வராது மச்சான்."

மச்சான் சரக்கறைக்குள் போனார். ஷட்டரை இழுத்துச் சாத்தப்போகிறார் என்றுதான் மாப்பிள்ளை நினைத்தார். ஆனால் அவர் காலால் மிதிக்கும் காற்றுப் பம்போடு வந்தார். முன் சக்கரத்தில் குழாயை மாட்டி மிதிக்கத் தொடங்கினார்.

"குடுங்க, நான் மிதிக்கிறேன்."

"நீங்க சும்மா நில்லுங்க."

ஒவ்வொரு மிதிக்கும் வண்டி வாசலைவிட உயர்ந்துகொண்டே போனது. இத்தனை நாள் ஏங்கியது கிடைக்கும்போது ஏன் அந்த வாசலையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறோம் என்று மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. நாலாவது சக்கரத்துக்கு வந்தபோது மச்சான் அழுதுகொண்டிருந்தார். மிதிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.