கம்பிவடக் கம்பெனிப் பங்கின் விலை

யாரும் வாங்காத, யாரும் விற்காத ஒரு பங்குக்கு இன்று என்ன விலை? ஒரு வாரமாக ஜெயகுமாரிக்கு இதற்கு விடை கிடைக்கவில்லை.

ஏற்காட்டில் இருந்த மாட்டுக் காப்பீட்டுச் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். சங்கம் நடந்த விதம் எளிது. மலையில் மாடு வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் சந்தா கட்டுவார்கள். யாருடைய மாடாவது செத்தால் சங்கம் ஈடு கொடுக்கும். இடைப்பட்ட காலத்தில் பணம் பெட்டியில் தூங்காது. பங்காகவும் பத்திரமாகவும் மாறியிருக்கும். ஆகவே, நாளைக்கே நாலு மாடு செத்தால் கொடுக்கப் பணம் இருக்கிறதா என்று பார்க்க, அந்தப் பங்குகளையும் பத்திரங்களையும் இன்றைக்கு விற்றால் என்ன வரும் என்று தெரிய வேண்டும். அன்றைக்கு என்ன கொடுத்து வாங்கினோம் என்பது உதவாது.

1994ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்க்கச் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்த தணிக்கையாளர் சின்னசாமி இங்கேதான் பிடித்துக்கொண்டார்.

"பஞ்சாலைப் பங்கு விலை தினமும் பேப்பர்ல வருது, சரிங்க. காபிக் கம்பெனி கடன் பத்திரத்தை யாரும் விக்கறதில்ல. ஆனா அதே மாதிரி இன்னொரு பத்திரத்துக்கு விலை இருக்குது, அதை வெச்சுக் கணக்குப் போட்டிருக்கீங்க. அதுவும் சரிங்க. இந்தக் கம்பிவடக் கம்பெனி?"

அடிவாரத்திலிருந்து ஏரி வரைக்கும், கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிலில் ஆளை ஏற்றி இழுப்பதாகச் சொன்ன கம்பெனி அது. இன்னும் ஒருவரையும் இழுக்கவில்லை.

"பத்து ரூபாய்க்கு வாங்கினதுங்க" என்றாள் ஜெயகுமாரி.

"அது பழைய கதைங்க. இன்னைக்கு விலை எழுதுங்க. இல்லீன்னா நான் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்து இல்லீன்னா சங்கத்தைப் பூட்டோணும்."

சங்கத் தலைவர் அம்மாசி கரடியூர்க்காரர். சந்தையில் விலை பேசி மாடு பிடிப்பதில் பேர்போனவர். அவர் சிரித்தார்.

"விலை தெரியாட்டி சந்தைக்குக் கொண்டு போகோணும் அம்மணி. இதுக்குப் போயி ஏன் நொம்ப மண்டையை ஒடைக்கறீங்க?"

சொன்னபடியே பங்குப் பத்திரத்தைச் சணலால் கட்டிக்கொண்டு மலையிறங்கி மாட்டுச் சந்தைக்குப் போனார். தரகர் லாசர் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். மாட்டைப் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் திருப்பினார்.

"சுழி சுத்தமா இருக்குதுங்க. பல்லு எத்தனை?"

"இன்னும் போடல" என்றார் அம்மாசி.

பிறகு துண்டைப் போட்டு மூடி, அதற்குள் கையைப் பிடித்தார்கள். விரலைத் தொட்டே விலை பேசுவது அந்தச் சந்தையின் வழக்கம்; பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. லாசர் இந்தப் பக்கம் அம்மாசியின் கை, அந்தப் பக்கம் வாங்க வந்தவனின் கை பிடித்துப் பேரத்தை முடித்தார். "வித்தாலும் சணலைத் தர மாட்டேன். மாட்டோட கயித்தைக் குடுக்கற பழக்கம் எங்க ஊட்டுல இல்ல" என்று அம்மாசி கறாராகச் சொல்லிவிட்டு, விலை தெரிந்ததே போதும் என்று விற்காமல் பத்திரத்தோடும் சணலோடும் மலையேறி வந்தார்.

"விலை கெடைச்சிருச்சு அம்மணி!"

"எவ்வளவுங்க?"

"அதெப்படிச் சொல்றது? துண்டுக்குள்ள பேசுனதை வெளிய சொன்னா லாசர் என் மூஞ்சில முழிப்பானா?"

சின்னசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏனுங்க, கணக்குல என்னன்னு எழுதறது? துண்டுன்னா? சரி, கேட்டது யாரு?"

"என் மச்சினன்தானுங்க. அவனுகிட்டயும் இதே பங்கு ஒரு பொட்டி கெடக்குது. விலை ஏறினா அவனுக்கும் நல்லதுங்களே!"

"போச்சு!" என்றார் சின்னசாமி. "உறவில்லாதவன், அவசரமில்லாதவன், வெளிச்சத்துல சொல்ற விலைதானுங்க விலை."

ஜெயகுமாரிக்கு அந்தச் சொல்லில்தான் பிடி கிடைத்தது. உறவில்லாத ஒருவன் இந்தக் கம்பெனியை வாங்கினால் எதற்காக வாங்குவான்?

"கம்பெனிகிட்ட என்னதானுங்க இருக்குது?" என்று அம்மாசியைக் கேட்டாள்.

"அடிவாரத்துல ஒரு இரும்புத் தூணு. அதுல ஆடு கட்டியிருக்காங்க."

"ஆடு கம்பெனியோடதுங்களா?" என்றார் சின்னசாமி ஆவலாக.

"இல்லீங்க."

ஆட்டை விட்டுவிட்டு ஜெயகுமாரி தூணை மட்டும் எடுத்துக்கொண்டாள். பழைய இரும்பு விலை ஊருக்கே தெரியும். தூணின் எடையைக் கம்பெனிக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அறுத்து இறக்கும் கூலியையும் கம்பெனியின் கடனையும் கழித்து, மீதியை எல்லாப் பங்குகளுக்கும் வகுத்தாள். துரு எவ்வளவு தின்றிருக்கும் என்பது மட்டும் அவளுடைய ஊகம்.

"மூணு ரூபாய்ங்க. துரு அதிகமா இருந்தா ரெண்டு. கம்மியா இருந்தா நாலு. ரெண்டே ரூபாய்னாலும் ஈடு கொடுக்கச் சங்கத்துல பணம் இருக்குதுங்க."

"மூணு ரூபாயா! நாங்க துண்டுக்குள்ள..." என்று தொடங்கிய அம்மாசி, லாசரை நினைத்து வாயை மூடிக்கொண்டார்.

"ஊகம்னும் எழுதுங்க. எப்படி ஊகிச்சீங்கன்னும் எழுதுங்க" என்று சின்னசாமி பேனாவைத் திறந்தார்.

அவள் எழுதிய முறை இதுதான். சந்தையில் எல்லோரும் பார்க்கும் விலை இருந்தால், அதை அப்படியே எழுதுவது. அது இல்லாவிட்டால், அதைப் போன்ற வேறொன்றின் விலையிலிருந்து கணக்கிடுவது. அதுவும் இல்லாவிட்டால், உறவில்லாதவன் என்ன கொடுப்பான் என்று நாமே ஊகித்து, எதை வைத்து ஊகித்தோம், ஊகம் தவறினால் விலை எவ்வளவு மாறும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுவது. மூன்றையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே காட்டுவது.