ஜெனரேட்டர் வைக்க ஓர் இடம்

“எல்லாரும் அவங்கவங்க ரூம்ல போய் உக்காருங்க. ஒவ்வொரு இடமா வெச்சு ஓட்டிக் காட்டுறேன். சத்தம் ஒத்துக்கலன்னா ஜன்னல் வழியா கையை ஆட்டுங்க, அவ்வளவுதான்” என்றார் மெக்கானிக். சக்கரம் வைத்த ஒரு ஜெனரேட்டரை வண்டியிலிருந்து இறக்கி வாசலில் நிறுத்தியிருந்தார். வீட்டுக்கு வரப்போவது வேறு, இதைவிடப் பெரியது, பெட்டிக்குள் அடங்கியது. ஆனால் சத்தம் ஏறக்குறைய இதே அளவுதான் இருக்குமாம். சிமெண்டுத் தளம் போட்டு, குழாய்க்குள் ஒயரை இழுத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் கெடும், கடைசியில் தன் தலையைத்தான் உருட்டுவார்கள் என்பது அவர் பட்ட அனுபவம். அதனால் எந்த ஜன்னலிலிருந்தும் கை அசையாத இடத்தில்தான் அவர் கடப்பாரையை இறக்குவார்.

வீட்டுக்காரருக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. காதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு அவசர அவசரமாகப் பேசிப் பதிவு செய்து அனுப்பும் குறிப்புகளை, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டு, வார்த்தை பிசகாமல் தட்டச்சு செய்து கொடுப்பது அவர் வேலை. டாக்டர் மென்று விழுங்கியது, கொட்டாவியோடு சொன்னது, பக்கத்தில் யாரோ இருமியதில் அமுங்கிப்போனது எதுவும் அவரிடமிருந்து தப்பாது. அலுவலகத்தில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டிலிருந்தே வேலை என்று ஆன பிறகும் அந்தப் பெயர் பின்னாலேயே வந்துவிட்டது. கோபம் வந்தால் மனைவிகூட அப்படித்தான் சொல்வாள். அவருக்கும் உள்ளூர அதில் பெருமைதான்.

கோடை தொடங்கியதிலிருந்து கரண்ட் இஷ்டத்துக்கு வந்து இஷ்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்வெர்ட்டருக்கு வயதாகி, ஒரு மின்விசிறியைச் சுற்றுவதற்கே திணறியது. பாதிக் குறிப்பில் கணினி அணைந்து, வேலை தாமதமாகி, மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு ஜெனரேட்டர் வாங்குவது என்று முடிவாயிற்று. வாங்குவதில் யாருக்கும் மறுப்பில்லை. எங்கே வைப்பது என்பதில்தான் இழுபறி.

முதலில் வாசல் கேட் அருகே ஓடியது. கூடத்து ஜன்னலிலிருந்து மனைவி கையை ஆட்டினாள். பின்பக்கம் சமையலறைச் சுவரை ஒட்டி ஓடியது. மாடி அறையிலிருந்து, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் இரண்டு கைகளையும் ஆட்டினாள். பாம்புச்செவியின் அறை இருந்த இடது பக்கத்துக்கு மெஷினை உருட்டிக்கொண்டு போனபோது, மெக்கானிக் கயிற்றை இழுப்பதற்கு முன்பே ஜன்னலுக்கு வெளியே அவர் கை வந்துவிட்டது.

“சரிதான். மிச்சம் இருக்கறது வலது பக்கம். அந்த ரூம்ல யாரு?” என்றார் மெக்கானிக்.

“என் அம்மா. அவங்களுக்குக் காது கேக்காது” என்றாள் மனைவி.

“அட, இதை முதல்லயே சொல்லியிருந்தா மெஷினை வீட்டைச் சுத்தி ஊர்வலம் விட்டிருக்க வேணாமே மேடம்!”

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெரிய சிக்கல் யார் மனமும் கோணாமல் தீர்ந்துபோன சந்தோஷம் அந்தச் சிரிப்பில் இருந்தது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா, அங்கேயும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று மெக்கானிக் கயிற்றை இழுத்தார். பாம்புச்செவியும் மனைவியும் மாமியாரின் அறை வாசலில் வந்து நின்றார்கள். மாமியார் கட்டிலில், அவர்களுக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் ஒரு கை நீட்டும் தூரத்தில் மெஷின் கத்தியது. மேஜையில் இருந்த தண்ணீர்ச் சொம்பின் மூடிகூட லேசாக நடுங்கியது. அந்த முதுகில் ஓர் அசைவும் இல்லை.

மெஷினை நிறுத்திவிட்டு மெக்கானிக்கும் உள்ளே வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“இடம் நல்ல இடம்தான் சார். ஆனா இந்த ஜன்னலை மட்டும் எப்பவும் மூடியே வைக்கணும். புகை உள்ள வந்தா ஆபத்து. இடுக்குல துணி வெச்சு அடைச்சுட்டா இன்னும் நல்லது. கட்டிலையும் எதிர்ச் சுவரோரமா தள்ளிடுங்க, இந்தச் சுவர் அதிரும்.”

மனைவி தயங்கினாள். “பொழுதன்னிக்கும் அம்மா இந்த ஜன்னல்கிட்டதாங்க உக்காந்திருப்பாங்க.”

“ஃபேன் இருக்குல்ல? எவ்வளவு காலத்துக்கு இது? இந்த ரூம் காலியானா எப்படியும் நான்தான் இங்க மேஜை போடப்போறேன். அப்ப மெஷினை வேற பக்கம் மாத்திக்கலாம்” என்றார் பாம்புச்செவி. குரலைத் தாழ்த்தவில்லை. அந்த அறையில் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. மனைவி அம்மாவின் முதுகை ஒரு முறை பார்த்துவிட்டு, “சரி, அப்புறமா நான் கத்திச் சொல்லிக்கிறேன்” என்று டீ போடப் போனாள்.

வெளியே மெக்கானிக் சாக்பீஸால் தரையில் கோடு போட்டார். அளவு பார்க்க டேப் வேண்டும் என்றார். டேப் மாமியார் அறையின் சுவர் அலமாரியில்தான் இருந்தது. போன மாதம் பாம்புச்செவியே வைத்தது. எடுக்கப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஜன்னல் மூடியிருந்தது. அதன் கதவு இடுக்குகளில் பழைய துணியைக் கிழித்து, விரலால் அழுத்தி அழுத்தி அடைத்திருந்தது. கட்டில் எதிர்ச் சுவரோரம் போயிருந்தது. தரையில் அதன் கால்கள் இழுபட்ட தடம் தெரிந்தது. மாமியார் அந்தக் கட்டிலில் வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து மிச்சத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் மூச்சு வாங்கியது.

மனைவி அதற்குள் சொல்லிவிட்டாளா? அவர் சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டார். “அம்மாகிட்ட சொல்லிட்டியா?”

“எங்கங்க, அடுப்புல பால் இருக்கு. சொல்றேன், இருங்க.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த அறையில் பேசியவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் மாமியார் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டார் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

டேப்பைக் கையில் எடுத்தபோதுதான் அது இங்கே வந்த கதை நினைவுக்கு வந்தது. மாமியார் கட்டிலில் சாய்ந்து படுத்திருக்க, இவர் சுவருக்குச் சுவர் அளந்து, “கட்டில் போயிடுச்சுன்னா மேஜை இங்க கச்சிதமா உக்காரும்” என்று மனைவியிடம் சொன்னார். அந்த வாரமே மாமியார் தன் தகரப் பெட்டியை வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். பிறகு கண்ணாடி வைத்த மர அலமாரியையும் விற்றுவிடச் சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. “வயசானா பிடிப்பெல்லாம் தானா விட்டுப்போயிடுது பாரு” என்று இவர்தான் மெச்சிக்கொண்டார்.

ஒன்று வந்தால் மற்றது சும்மா இருக்குமா? மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தன் அண்ணனோடு போனில் பேசியதெல்லாம் வரிசையாக வந்தது. சாப்பாட்டு மேஜையில், மாமியார் தட்டுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, “ஒரு ஆளு, ஒரு ரூம், தண்டமா அடைஞ்சு கிடக்கு” என்று சொல்லியிருக்கிறார். அதற்கு மேலும் ஒன்று உண்டு. ஒரு நாள் விருந்தினர் வந்திருந்தபோது, மாமியார் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு “ஆங்?” என்று கேட்பதை இவர் நடித்துக் காட்டினார். கூடமே சிரித்தது. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று மாமியாரும் சிரித்தார். அப்படித்தான் இதுவரை நினைத்திருந்தார்.

காது கெட்டது பொய்யில்லை. கடும் காய்ச்சலில் படுத்து எழுந்தபோது இரண்டு காதும் அடைத்துப்போயின. டாக்டர் மருந்து கொடுத்தார், காதுக்கு மெஷினும் வாங்கினார்கள். வலிக்கிறது என்று மாமியார் அதைக் கழற்றிப் போட்டுவிட்டார். மருந்து வேலை செய்ததா என்று யாரும் கேட்கவில்லை. அடைப்பு விட்டு, காது திறந்தபோது முதலில் வந்து விழுந்தது யாருடைய பேச்சோ, என்ன பேச்சோ. திரும்ப மூடிக்கொள்வதே மரியாதை என்று மாமியாருக்குத் தோன்றியிருக்கும். தோன்றியிருக்கும் என்று என்ன, அந்தப் பேச்சு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

“அத்தை” என்றார். அடித்தொண்டையில், ஒரு பெருமூச்சு அளவுக்குத்தான் சத்தம்.

மாமியார் திரும்பவில்லை. ஆனால் துணியின் மடிப்பில் விரல்கள் நின்றன. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மடிப்பைத் தடவிவிட்டன. எத்தனையோ பதிவுகளில் பேச்சு நின்று மூச்சு மட்டும் ஓடும் இடங்களைக் கேட்டவர் அவர். அந்த நிறுத்தம் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளியே போனபோது மெக்கானிக் கடப்பாரையை ஓங்கியிருந்தார்.

“வேணாம், நிறுத்துங்க. தளத்தை இடது பக்கம் போடுங்க. என் ரூம் பக்கம்.”

“சார், நீங்கதானே மெஷினை ஓட்டறதுக்கு முன்னாடியே கையை ஆட்டினீங்க?”

குரல் கேட்டு மனைவி வந்துவிட்டாள். “உங்களுக்கு என்ன ஆச்சு? ஈ பறந்தாலே வேலை கெட்டுடுச்சுன்னு குதிப்பீங்க. காதுக்குள்ள ஜெனரேட்டரை வெச்சுக்கப் போறீங்களா?”

“இந்தப் பக்கம் மழை பெஞ்சா தண்ணி நிக்கும்” என்றார்.

“இந்தப் பக்கம்தான் சார் மேடு” என்றார் மெக்கானிக்.

மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த அறையில் அவளும்தான் பேசியிருக்கிறாள். அலுப்பில், ஆத்திரத்தில், பெற்ற அம்மாவைப் பற்றி மகள் மட்டுமே பேசக்கூடிய பேச்சு. தெரிந்தால் தாங்கமாட்டாள். அவளுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ள வசதியாகத்தான் இருந்தது. உண்மையில் அவள் முகத்தைப் பார்க்கத்தான் அவருக்குப் பயம். அப்படியானால் நீங்கள் அன்றைக்குச் சொன்னது, மேஜை, கட்டில் என்று அவள் ஆரம்பித்தால் என்ன பதில் சொல்வது? மெஷினை வேறு பக்கம் உருட்டிக்கொண்டு போகலாம். பேசியதை உருட்டிக்கொண்டு போக முடியாது. இடத்தை மாற்றுவது ரொம்ப மலிவான பரிகாரமாக அவருக்கே தோன்றியது.

“சொன்ன இடத்துல வைங்க” என்று மெக்கானிக்கிடம் சிடுசிடுத்தார். “உங்க வீடு, உங்க காது” என்று முணுமுணுத்தபடி மெக்கானிக் மெஷினைத் திருப்பினார். எதற்கும் அங்கே இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுகிறேன், அப்புறம் என்மேல் வருத்தப்படக் கூடாது என்றார்.

பாம்புச்செவி மறுபடி அந்த அறைக்குப் போனார். மாமியார் எழுந்து நின்றார். மாப்பிள்ளை வந்தால் எழுந்து நிற்கும் வழக்கம் இன்னும் விடவில்லை. இதுவரை அவர் அதைக் கவனித்ததே இல்லை.

கட்டிலின் ஒரு முனையைக் குனிந்து பிடித்தார். வழக்கமாக இந்த இடத்தில் கையால் ஜாடை காட்டி, தெரு முனைக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். அதைச் செய்யவில்லை.

“அந்தப் பக்கம் பிடிங்க அத்தை. பழைய இடத்துலயே போட்டுடலாம்” என்றார் மெல்ல.

மாமியார் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். பிறகு மாமியார் குனிந்து மறுமுனையைப் பிடித்தார்.

“தூக்கலாமா?”

கட்டில் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் எழுந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், எட்டு வைத்து எட்டு வைத்து நடந்து ஜன்னலுக்குக் கீழே அதை இறக்கினார்கள்.

“அத்தை, நான் அன்னிக்குப் பேசினது…” என்று அவர் ஆரம்பித்தார். இடது பக்கம் மெஷின் ஓடத் தொடங்கியது. வீட்டைத் தாண்டி வந்து அறையை நிறைத்தது சத்தம். டீ டம்ளர்களோடு மனைவி வாசலில் வந்து நின்றாள்.

“என்னங்க இது, அம்மாகிட்ட இப்படி மெல்லப் பேசினா எங்க கேக்கும்?”

மாமியார் மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கூடத்தில் அன்றைக்கு இவர் நடித்துக் காட்டினாரே, அதே கை, அதே சாய்வு.

“ஆங்? என்ன மாப்பிள்ளை சொல்றீங்க?”

அவரைக் காப்பாற்றுகிறாரா, இனி பேச வேண்டாம் என்கிறாரா என்று அவருக்குப் புரியவில்லை. பாம்புச்செவிக்கே பிடிபடாத ஒன்று அந்தக் குரலில் இருந்தது. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

“ஜன்னலைத் திறந்தே வைங்க அத்தை!” என்று கத்தினார். “மூட வேணாம்! இது உங்க ரூம்!”

இடது பக்க ஜன்னலில் கை ஆட்ட ஆளே இல்லையே என்று மெக்கானிக் சரியாக அந்த நேரம் பார்த்து மெஷினை நிறுத்தியிருக்க வேண்டும். ‘இது உங்க ரூம்’ என்பது மட்டும் தனியாக, அடங்கிப்போன வீட்டில், தெருவரைக்கும் கேட்டது. மாடிப்படியில் மகளின் தலை எட்டிப் பார்த்தது. அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மாமியார் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. கேட்டுவிட்டது என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு மறு கையை நீட்டி, ஜன்னல் இடுக்கில் செருகியிருந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினார்.